மஞ்சள் பூவுக்குள் சிவப்புச் சாறு

கலிஃபோர்னியாவின் வடகோடியில், பசிபிக் கடலோரம் யுரேக்கா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே மாடு வளர்ப்பவர்கள் ஒரு வண்டுக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அரை சென்டிமீட்டரை விடச் சற்றே பெரிய, உலோகம்போல மினுங்கும் சாதாரண இலைவண்டுதான் அது. மேய்ச்சல் நிலங்களை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் பூச்செடியிடமிருந்து அந்த மண்ணை மீட்டுத் தந்ததற்கான நன்றி. அதே செடியை ஜெர்மனியிலும் போலந்திலும் விவசாயிகள் நாற்று விட்டு, வரிசை பிடித்து நட்டு, களை பறித்து வளர்க்கிறார்கள். அறுத்து உலர்த்தியதை மருந்து நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன.

செடியின் பெயர் செயின்ட் ஜான்ஸ் வொர்ட். தாவரவியலார் இதை ஹைபெரிகம் பெர்ஃபொரேட்டம் என்பார்கள். ஆட்டின் மூக்கைப் புண்ணாக்குவதும், மனிதனின் மனச்சோர்வைக் குறைப்பதும், இதயமாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் உயிருக்கு உலை வைத்ததும் இந்த ஒரே செடிதான்.

ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகியவை இதன் தாய்நிலம். வெயில் நன்றாக விழும் புல்வெளி, ரயில்பாதை ஓரம், உழாமல் விட்ட தரிசு எங்கும் இது வரும். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும். கோடையின் நடுவில் உச்சியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவுக்கு ஐந்து இதழ்கள். நடுவே தூரிகை போல நிற்கும் மகரந்தக் கேசரங்கள். மஞ்சள் பூச்செடிகள் புல்வெளியில் எத்தனையோ உண்டு. இதை மட்டும் பிரித்து அறிய மூன்று அடையாளங்களைச் சொல்வார்கள். தண்டைத் தடவினால் நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு மேடான கோடுகள் விரலில் தட்டுப்படும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். உண்மையில் ஓட்டை எதுவும் இல்லை. எண்ணெய் நிரம்பிய ஒளி ஊடுருவும் சுரப்பிகள் அவை. மூன்றாவது அடையாளம்தான் எல்லாவற்றிலும் வியப்பானது. மலராத மொட்டை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால், மஞ்சள் பூவிலிருந்து கருஞ்சிவப்பாகச் சாறு வடியும்.

அந்தச் சிவப்பின் மூலம் இதழோரத்தில் இருக்கும் கருப்புப் புள்ளிகள். அவற்றுக்குள் ஹைபெரிசின் என்ற நிறமி அடைந்திருக்கிறது. ஒளி பட்டால் வேலை செய்யத் தொடங்கும் பொருள் இது. வெளிச்சத்தின் ஆற்றலை உள்வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். அப்படி முடுக்கப்பட்ட ஆக்சிஜன் தொட்ட செல்களை எல்லாம் அரித்துவிடும். செடிக்கு இது தற்காப்பு. இலையைக் கடித்துத் தின்றுவிட்டு வெயிலில் திரியும் உயிர்கள் இதன் விலையைப் பிறகு கொடுக்கும்.

ஐரோப்பிய மக்களுக்கு இந்தச் செடியோடு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ், ஹைபெரிகம் இனச் செடிகளை இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கும் தீப்புண்ணுக்கும் பரிந்துரைத்தார். இது பூத்துக் குலுங்கும் நாட்களில்தான், ஜூன் 24 அன்று, திருமுழுக்கு யோவானின் (செயின்ட் ஜானின்) பிறந்தநாளைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடுகிறார்கள். அன்று பறித்த கொத்தை வீட்டு வாசலில் கட்டினால் கெட்ட ஆவி அண்டாது என்று நம்பினார்கள். நம் ஊரில் நிலைவாசலில் வேப்பிலை செருகுவதற்கு என்ன பொருளோ அதேதான்.

இன்றும் பல வீடுகளில் நடக்கும் பழக்கம் ஒன்று உண்டு. புதிதாகப் பறித்த பூவையும் மொட்டையும் கண்ணாடிச் சீசாவில் போட்டு, மூழ்கும் வரை ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வெயில் படும் ஜன்னலில் சில வாரங்கள் வைப்பார்கள். எண்ணெய் மெல்ல மெல்ல மாணிக்கச் சிவப்பாக மாறும். ஹைபெரிசின் நேரடியாக எண்ணெயில் அவ்வளவாகக் கரைவதில்லை. வெயிலில் அது சிதைந்து உண்டாகும் பொருள்கள்தான் நிறம் தருகின்றன. சிறு காயம், வெயில் பட்டுச் சிவந்த தோல் ஆகியவற்றுக்கு இந்த எண்ணெயைத் தடவுவார்கள். ஐரோப்பிய மருந்து முகமையும் இதை நீண்டகால மரபுப் பயன்பாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மருந்து என்று நம்பிக் கொண்டுபோனதால்தான் இந்தச் செடி கடல் தாண்டியது. 1880 வாக்கில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பிரைட் என்ற ஊரில், ஒரு தோட்டத்தில் மருந்துச் செடியாக இதை வளர்த்தார்கள். வேலி அதற்குப் போதவில்லை. ஒரு செடியே பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை வைக்கும். விதை ஒவ்வொன்றும் தூசி அளவு, மேலே பிசுபிசுப்பு. மாட்டின் ரோமத்திலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். போதாக்குறைக்கு, இதன் விதைகளில் பெரும்பங்கு கருவுறாமலே உருவாகின்றன. எனவே தாயின் அச்சு அசல் நகல்களாகவே பிள்ளைச் செடிகள் முளைக்கும். ஒரு செடி புதிய மண்ணில் நன்றாக வந்துவிட்டால், அதே திறமை உள்ள ஆயிரக்கணக்கான செடிகள் அடுத்த பருவத்தில் அங்கே நிற்கும். மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டிலிருந்தும் கிளைக்கும். வெட்டினால் சாகாது, உழுதால் துண்டு துண்டாகப் பெருகும்.

ஆட்டுக்காரர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் புல்லை ஒதுக்கிவிட்டு இது பெருகியதும், பசித்த கால்நடைகள் வேறு வழியின்றி இதைத் தின்றன. ஹைபெரிசின் இரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்து சேர்ந்தது. நிறமி குறைந்த வெள்ளைத் தோல் இருக்கும் இடங்களில், மூக்கில், காதில், கண்ணைச் சுற்றி, வெயில் பட்டதும் எரிச்சல் தொடங்கியது. ஆடுகள் தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிழலுக்கு ஓடின; தோல் வெடித்துப் புண்ணாயிற்று; மேயாமல் மெலிந்தன. கருப்பு ஆட்டுக்கு இந்தத் துன்பம் குறைவு. ரோமம் வெட்டிய வெள்ளை ஆட்டுக்கோ மிக அதிகம்.

அமெரிக்காவின் கதையும் இப்படித்தான். வடக்குக் கலிஃபோர்னியாவின் கிளாமத் ஆற்றங்கரையில் 1900 வாக்கில் இதைக் கண்டார்கள். அதனால் அங்கே இதற்குக் கிளாமத் களை என்று பெயர். 1940-களில் அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் இது பரவியிருந்தது. போராக்ஸ் தூவினார்கள். வேறு இரசாயனங்களையும் போட்டுப் பார்த்தார்கள். மலைச்சரிவுகளில் அத்தனை ஏக்கருக்கும் மருந்து தெளிப்பது கைக்கு எட்டாத செலவு. நிலத்தின் விலை சரிந்தது.

ஆஸ்திரேலியர்கள் அதற்குள் வேறு வழியில் இறங்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் இந்தச் செடி எல்லை மீறாமல் இருப்பதற்குக் காரணம், அதைத் தின்னும் பூச்சிகள் அங்கேயே இருப்பதுதான் என்று கணித்து, இங்கிலாந்திலிருந்தும் தென் பிரான்சிலிருந்தும் கிரைசோலினா என்ற இலைவண்டு இனங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் அமெரிக்கர்களால் ஐரோப்பாவுக்குப் போய் வண்டு பிடிக்க முடியவில்லை. 1944-இல் அனுமதி பெற்று ஆஸ்திரேலியாவிலிருந்தே தருவித்தார்கள். களை தின்னும் பூச்சியைக் கண்டத்துக்குள் விடுவது விளையாட்டல்ல. களை தீர்ந்ததும் பயிருக்குத் திரும்பினால் யார் பொறுப்பு? அதனால் முதலில் வண்டுகளைப் பட்டினி போட்டு, பருத்தி, புகையிலை, சர்க்கரைவள்ளி போன்ற பயிர்களை மட்டும் அருகில் வைத்துப் பார்த்தார்கள். வண்டுகள் செத்தனவே தவிர அவற்றைத் தின்று பிழைக்கவில்லை. இன்னொரு சிக்கல் பருவகாலம். தென்கோளத்தின் வசந்தம் வடகோளத்தின் இலையுதிர் காலம். வந்த வண்டுகளின் உடற்கடிகாரத்தைப் புதிய பருவத்துக்குத் திருப்பிய பிறகே அவற்றை வெளியில் விட முடிந்தது. ஹாலோவே, ஹஃபேக்கர் என்ற இரு பூச்சியியலாளர்கள் இந்த வேலையை முன்னின்று நடத்தினார்கள். 1945, 1946 ஆண்டுகளில் வண்டுகள் கலிஃபோர்னியாவின் மலைச்சரிவுகளில் விடப்பட்டன.

வண்டு ஜெயித்ததற்குக் காரணம் அதன் பசியை விட அதன் காலக்கணக்கு. கலிஃபோர்னியாவில் குளிர்காலத்தில்தான் மழை, கோடையில் வறட்சி. இலையுதிர் கால மழை விழுந்ததும் வண்டுகள் முட்டையிடும். குளிர்காலம் முழுவதும் புழுக்கள் தரையோடு ஒட்டிய இலைகளைத் தின்னும். வசந்தத்தில் வளர்ந்த வண்டுகள் மிச்ச இலையையும் பூவையும் தின்றுவிட்டுக் கோடையில் மண்ணுக்குள் உறங்கப் போகும். வேரில் உணவைச் சேமிக்க நேரமே கிடைக்காத செடி, கோடையின் வறட்சியில் பட்டுப்போகும். பத்து ஆண்டுகளுக்குள் களையின் பரப்பு பழையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. புல் திரும்பி வந்தது, கால்நடைகளும் வந்தன. களைக்கு எதிராகப் பூச்சியை ஏவும் முறையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி இது.

இன்று அங்கே போய்ப் பார்ப்பவருக்கு இந்தச் செடி பெரும்பாலும் மரநிழலில்தான் கண்ணில் படும். பார்த்த மாத்திரத்தில் இதை நிழல் விரும்பி என்று எழுதிவிடத் தோன்றும். உண்மை நேர்மாறு. வண்டு வெயில் படும் செடிகளில்தான் விரும்பி முட்டையிடும். நிழலில் ஒதுங்கியவை தப்பிப் பிழைத்தன. வண்டு வந்த வரலாறு தெரியாமல் அந்தக் காட்டை வாசிக்கவே முடியாது. சூழலியல் பாடநூல்கள் இந்த உதாரணத்தை இன்னமும் விடாமல் எடுத்துச் சொல்வது அதனால்தான்.

ஒருபுறம் களையாக வேட்டையாடப்பட்ட இந்தச் செடி, மறுபுறம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. 1984-இல் ஜெர்மனி அரசின் மூலிகை மருந்துக் குழு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றது. உலர்ந்த சாற்றை 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுப்பது வழக்கமானது. பலன் உண்மையா? 2008-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, 5,489 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரையை விட இது சிறந்தது, வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு இணையானது, பக்கவிளைவு குறைவு என்ற முடிவு வந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பலன் கூடுதலாகத் தெரிந்ததையும் அவர்கள் மறைக்காமல் குறிப்பிட்டார்கள். அதற்கு முன்பு 2002-இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில், மூலிகையும் சரி, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தும் சரி, முக்கிய அளவுகோல்களில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. மனச்சோர்வு ஆய்வுகள் எவ்வளவு வழுக்கும் தரை என்பதை இது காட்டுகிறது. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு இது உதவக்கூடும் என்பதே இன்றைய நியாயமான தீர்ப்பு. கடுமையான மனச்சோர்வுக்கு இதை நம்பியிருப்பது ஆபத்து.

முதலில் எல்லாரும் ஹைபெரிசின்தான் வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். பிறகு ஹைபர்ஃபோரின் என்ற இன்னொரு பொருளின் மேல் கவனம் திரும்பியது. பூவிலும் காயிலும் அது மிகுதி. நரம்பு செல்கள் தாம் வெளியிட்ட செரட்டோனின், டோபமின் போன்ற சமிக்ஞைப் பொருள்களைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை அது தடுக்கிறது. இன்றைய மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் செய்வது ஏறக்குறைய இதையே.

ஹைபர்ஃபோரினுக்கு இன்னொரு முகம் இருப்பது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகத்துக்குத் தெரிந்தது. லான்செட் மருத்துவ இதழில் இரண்டு சிறு கட்டுரைகள் வந்தன. ஒன்றில், எட்டு ஆரோக்கியமான தன்னார்வலர்கள் எச்.ஐ.வி. மருந்தான இண்டினவிரோடு இந்த மூலிகையையும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு சராசரியாக 57 சதவீதம் குறைந்துபோயிற்று. மற்றது சூரிச் நகரிலிருந்து வந்தது. இதயமாற்று சிகிச்சைக்குப் பின், உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் எடுத்துக்கொண்டிருந்த இருவர், இந்த மூலிகையையும் சேர்த்துக்கொண்டார்கள். சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்தது. மீண்டும் நிராகரிப்பு ஏற்படவில்லை.

நடந்தது என்ன? கல்லீரல் செல்லில் வெளியிலிருந்து வரும் வேதிப்பொருளை மோப்பம் பிடிக்கும் ஒரு புரத ஏற்பி இருக்கிறது. ஹைபர்ஃபோரின் அதில் கச்சிதமாகப் போய்ப் பொருந்துகிறது. உடனே செல், மருந்துகளை உடைக்கும் நொதிகளையும் அவற்றை வெளியே தள்ளும் புரதத்தையும் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இன்று நாம் எடுக்கும் மருந்துகளில் ஏறத்தாழ பாதியைக் கையாள்வது அந்த நொதிகளில் ஒன்றே ஒன்றுதான். எனவே கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், இதயத்துக்கான டிஜாக்சின், வலிப்பு மருந்துகள் சில, புற்றுநோய் மருந்துகள் சில என எல்லாமே வேலை முடியும் முன் உடலிலிருந்து கழிந்துவிடுகின்றன. நோயாளி மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கிக்கொண்டுதான் இருப்பார். இரத்தத்தில் மட்டும் அது போதிய அளவு இருக்காது. இந்த விளைவு முழுமையாகத் தலைதூக்க ஒன்றிரண்டு வாரமாகும். நிறுத்திய பிறகும் அதே அளவு நாட்கள் நீடிக்கும். வேறு மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் இதற்கு மாறான ஆபத்து: செரட்டோனின் அளவுக்கு மீறிக் கூடி, நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரும். அயர்லாந்து 2000-ஆம் ஆண்டிலேயே இதை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் கிடைக்கும் பொருளாக்கிவிட்டது. சரியான முடிவு அது.

பயிராக வளர்ப்பவருக்கு இந்தச் செடி வேறு பாடங்கள் வைத்திருக்கிறது. களையாக இருக்கும்போது எங்கும் முளைப்பது, பாத்தியில் போட்டால் முரண்டு பிடிக்கும். ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம் விதைகள். முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணால் மூடினால் வராது. ஈர மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். நேரடி விதைப்பில் களைகள் முந்திக்கொள்வதால், பலர் குழித்தட்டில் நாற்று விட்டு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் எடுத்து நடுகிறார்கள். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி. தண்ணீர் தேங்காத மண்ணும் முழு வெயிலும் இதற்குப் பிடிக்கும். முதல் ஆண்டில் மகசூல் சொற்பம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் பலன். பிறகு செடி தளரும்.

அறுவடையில் நேரம்தான் எல்லாம். பூ விரியத் தொடங்கி உச்சத்தை எட்டும் சில நாட்களில், உச்சியிலிருந்து ஓரடி மட்டும் அறுக்க வேண்டும். மருந்துப் பொருள் மொட்டிலும் பூவிலும் இருக்கிறது. கீழ்த்தண்டில் அது மிகக் குறைவு. அறுத்ததும் மிதமான சூட்டில், வெயில் படாமல் உலர்த்த வேண்டும். ஹைபர்ஃபோரின் காற்றிலும் ஒளியிலும் சீக்கிரம் சிதையும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பொடியில் அது எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தச் செடி மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். அதனால் மண் பரிசோதனை செய்யாமல் நடுவது கூடாது. காட்டில் கண்ட இடத்தில் பறித்ததை விட, சோதித்த நிலத்தில் பயிரிட்டது பாதுகாப்பானது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நோயும் உண்டு. மாம்பழத்தில் கரும்புள்ளி விழ வைக்கும் கொலெட்டோட்ரிக்கம் பூஞ்சையின் ஒரு வகை, ஐரோப்பிய வயல்களில் தண்டைச் சிவக்க வைத்து, செடியை வாட்டி, பாதி வயலைக் காலி செய்துவிடும். கனடாவில் இதே பூஞ்சையைக் களைக்கு எதிரான ஆயுதமாக்க முயன்றார்கள். போலந்தில் உருவான டோபாஸ் போன்ற இரகங்கள் ஐரோப்பாவில் பரவலாகப் பயிராகின்றன.

தமிழகச் சமவெளி இதற்கு ஏற்ற இடம் அல்ல. இந்தியாவில் காஷ்மீர் முதல் உத்தராகண்ட் வரையிலான இமயமலைப் புல்வெளிகளில் இது இயல்பாகவே வளர்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியிலும் இதன் உறவினரான ஹைபெரிகம் மைசூரென்ஸ் என்ற புதர், சோலை ஓரங்களில் பெரிய பொன்மஞ்சள் பூக்களோடு நிற்கும். அழகான செடி, ஆனால் ஐரோப்பியச் செடியின் இதழோரக் கருப்புப் புள்ளிகள் இதில் கிடையாது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பறித்துக் கஷாயம் வைப்பது தவறு. பெயரளவில் அந்த ஐரோப்பியச் செடியை நம்மில் பலருக்குத் தெரியும்: அடிபட்ட நரம்பு வலிக்கென்று ஹோமியோபதிக் கடைகளில் கேட்டு வாங்கும் ஹைபெரிகம் அதுவே. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் மாத்திரையாகவும் கொண்டுவருகிறார்கள். இணையக் கடைகளிலும் கிடைக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். கருத்தடை மாத்திரையோ, இதய மருந்தோ, வலிப்பு மருந்தோ, மனச்சோர்வு மருந்தோ, உறுப்புமாற்றுக்குப் பின் தரும் மருந்தோ, எச்.ஐ.வி. மருந்தோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மூலிகையைத் தாமாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நொதிகளின் அளவு இறங்கும்போது மற்ற மருந்தின் அளவு இரத்தத்தில் திடீரென ஏறும். மருத்துவரிடம் போகும்போது மூலிகைச் சீசாவையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.